தோளில் வைத்த கை

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்து மூன்று வயதில் இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. கடையின் பின்னறையில் முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, லென்ஸ் தேய்த்து, பொடித் திருகாணிகளை முடுக்கியே முப்பது வருடம் ஓட்டியவர். "பூங்காவுல காலையில டாய் சின்னு ஒரு சீனத் தற்காப்புக் கலை சொல்லித் தர்றாங்க, போய்ப் பாருங்க" என்றார் டாக்டர்.

போனார். பத்துப் பன்னிரண்டு பேர் தண்ணீருக்குள் நடப்பதுபோல் கையையும் காலையும் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்கள். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் மாதம் வலி குறைந்தது. நான்காம் மாதம் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீட்டில் சோபாவை ஓரம் தள்ளி, கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துத் தன்னையே படம் பிடித்தார். காலையில் அரைமணி நேரம் மரம்போல் அசையாமல் நிற்கும் சீகுங் பயிற்சி, கடையிலிருந்து வந்ததும் மறுபடி டாய் சி.

"என்னங்க, இவ்வளவு மெதுவா சண்டை போட்டா எதிராளி டீ குடிச்சிட்டே தப்பிச்சுப் போயிடுவானே" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. பாம்பு இறங்குவது என்று ஒரு நிலை உண்டு. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தரையோடு தரையாகத் தாழவேண்டும். வகுப்பிலேயே அதிகம் தாழ்கிறவர் அவர்தான். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஆனால் எல்லோரும் பார்ப்பது அவரை அல்ல, தையலக்காவை. அடுத்த தெருவில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தாமதமாக வருவாள், சீக்கிரம் போவாள், வீட்டில் பயிற்சி செய்ய நேரமே இல்லை என்பாள். அவள் கை தூக்கினால் புகை எழும்புவது போலிருக்கும். டீச்சர், "சார், அவங்க தோளைப் பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு! நீங்க பூட்டின கதவைத் தள்ளற மாதிரி தள்ளறீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். வீட்டுக்கு நடக்கும்போது அது முள்ளாய்க் குத்தும். 'அவள் தாழ்வதே இல்லையே, அதை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?'

மகளுக்குப் பிரசவம் என்று டீச்சர் இரண்டு வாரம் வெளியூர் கிளம்பினார். வகுப்பைக் கண்ணாடிக்காரரிடம் விட்டார். "புதுசா ஒண்ணும் வேண்டாம் சார். எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க. யாரையும் தொட்டுத் திருத்தாதீங்க."

மூன்றாம் நாள் பாம்பு நிலை வந்தது. தையலக்கா வழக்கம்போல் பாதியில் நின்றாள்.

"இன்னும் கீழ போங்க."

"இவ்வளவுதாண்ணா எனக்கு வரும்."

"முடியாதுன்னு நினைச்சா எப்படி வரும்?"

சொல்லிக்கொண்டே அவள் தோளில் கைவைத்து அழுத்தினார். ஒரு நொடிதான். முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம். கேட்டது அவர்கள் இருவருக்கு மட்டும்; கடைசி வரிசை என்பதால் மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவள் முகம் வெளுத்தது. "ஒண்ணுமில்லண்ணா" என்று பக்கத்து பெஞ்சைப் பிடித்து எழுந்து, நொண்டியபடி வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

டீச்சர் திரும்பி வந்து, "தையலக்கா எங்க?" என்று கேட்டபோது, "தெரியல டீச்சர், வேலை அதிகமோ என்னமோ" என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அசையாமல் நின்றால் அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது. அவள் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் கடைக்குப் போனார்.

பத்து நாள் கழித்துத் தையலக்காவின் மகள் கடைக்கு வந்தாள். அம்மாவின் கண்ணாடிக்குக் கால் உடைந்திருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார், தலைதூக்காமல்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க அங்கிள். முட்டில சவ்வு கிழிஞ்சிருக்காம். மெஷின் மிதிக்க முடியல. பள்ளிக்கூடத்து ஆர்டர் முழுக்கத் திருப்பிக் கொடுத்துட்டோம்."

திருகாணி அவர் விரலிலிருந்து நழுவி உருண்டது. வழுக்கி விழுந்தாள் என்று சொன்னவள் அவளேதான். அவர் தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தார். அவளும் அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறாள். அவளிடம் திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. அன்று மத்தியானம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "இங்க உக்காந்து என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எழுந்து போங்க" என்றாள்.

போனார். தையலக்கா கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். முழங்காலில் கட்டு. மூலையில் மெஷினைத் துணிபோட்டு மூடியிருந்தார்கள்.

"நான்தான் காரணம்னு ஏம்மா சொல்லல?"

"உங்களுக்காகன்னு நினைச்சீங்களா?" என்றாள் அவள். "என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பூங்காப் பக்கமே போகக்கூடாதுன்னுடுவாரு. நாள் பூரா எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான்."

அவர் மூடியிருந்த மெஷினைப் பார்த்தார். கடைசியில், "பொறாமைம்மா" என்றார். "உங்களுக்குத் தானா வருதேன்னு. திருத்தணும்னு கையை வைக்கல. அமுக்கணும்னுதான் வச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். "தெரியும். கையோட கனத்துலயே தெரிஞ்சுது." காலை மெல்ல நகர்த்தி வைத்து, "மன்னிச்சுட்டேன்னு இப்போ சொல்ல வராதுண்ணா. ராத்திரி புரண்டு படுத்தா உயிர் போகுது. டீச்சர்கிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். டீச்சர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "வரிசையில முன்னாடி நிக்க வேண்டாம் சார். புதுசா வந்தவங்களோட நில்லுங்க. எடையை ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்கு மாத்துங்க, அது போதும்" என்றார். மூன்று மாதம் அதை மட்டுமே செய்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: இத்தனை நாள் தாழ்ந்ததெல்லாம் தன் முழங்காலையும் நெரித்துத்தான். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு. தோள் மெல்ல இறங்கியது. ஒருநாள் டீச்சர், "இப்போ நல்லா வருது சார்" என்றபோது, அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைகுனிந்து நின்றார்.

அடிபட்ட ஐந்தாம் மாதம் தையலக்கா வந்தாள். முட்டி இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறாள், பாதி வேலைதான் ஓடுகிறது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கைகளைத் தூக்கினாள். கண்ணாடிக்காரரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வகுப்பு முடிந்து அவள் எழ முயன்றாள். முதல் தடவை முடியவில்லை. அவர் கை தன்னை அறியாமல் நீண்டது. பாதியில் நிறுத்தி, "பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாண்ணா. நானே எழுந்துக்கறேன்."

அவர் கையை இறக்கிக்கொண்டு, அவள் எழும்வரை அங்கேயே நின்றார்.