சேகரித்தவர்: சூ. மதலேன்

செவ்வாய்க்கிழமை காலை பதுளைச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அப்புத்தளையிலிருந்து ரீட்டா பேசினார். மதலேன் அக்காவின் தங்கை மகள் அவர். கடைசிவரை அக்காவைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

"மாமா, பெரியம்மா விடியக்காலையில போயிட்டாங்க" என்றார்.

சந்தை இரைச்சலிலிருந்து ஓரமாக ஒதுங்கினேன். பிறகு, "கடைசியா ஏதும் சொன்னவாவோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"டின்னுக்குத் தண்ணி ஊத்தாதேன்னாங்க. மழை நாளாம், வேரு அழுகிருமாம். வேற ஒண்ணும் சொல்லல, மாமா."

லீக்ஸ் கட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புத்தளை பஸ்ஸில் ஏறினேன்.

சாவு வீட்டில் எங்கள் பழைய அலுவலகத்தின் மலர்வளையம் வந்திருந்தது. அதில் ஓர் அட்டை: 'எமது முன்னாள் தோட்டப் பணியாளர் அமரர் மதலேன் அவர்களுக்கு.' தோட்டப் பணியாளர் என்பது பொய்யில்லை. சம்பளப் பதிவில் அவர் அப்படித்தான் இருந்தார். ஆனால் அந்த அட்டையைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் அவரைக் குழியில் இறக்கிய பிறகும் ஆறவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனக்கு இதில் ஒரு கடமையும் இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு நடந்த அநியாயத்தில் என் கையும் உண்டு.

பதுளையில் அப்போது ஒரு சிறிய தாவரச் சேகரிப்பு நிலையம் இருந்தது. ஊவா மாகாணத்தில் வளரும் செடிகளைக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, பெயரிட்டு அலமாரியில் அடுக்குவது அதன் வேலை. ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்டப்படும். செடியின் பெயர், குடும்பம், கிடைத்த இடம், சேகரித்தவர் ஆகிய நான்கும் அதில் இருக்கும். அந்தச் சீட்டுகளைத் தட்டச்சுச் செய்யும் எழுதுவினைஞனாக நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தேன். முருங்கை, அகத்திக்கு மேல் எனக்கு ஒரு செடியும் தெரியாது.

மதலேன் அக்கா வெளியே தொட்டிகளைப் பராமரிப்பவராக இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் நாள் பேச்சுக்காக, முன்பு எங்கே வேலை செய்தார் என்று கேட்டேன். "பதினாறு வருஷம் தவறணையிலங்க" என்றார். எங்கள் ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கள்ளு இல்லீங்க கிளாக்கரய்யா, தேயிலக் கன்னு" என்றார். தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்துக்கும் மலையகத்தில் அதுதான் பெயரென்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அந்தத் தவறணைதான் அவருடைய பல்கலைக்கழகம். வெவ்வேறு தாய்ச்செடிகளிலிருந்து வெட்டிய கன்றுகள் ஆயிரக்கணக்கான பைகளில் ஒரே மாதிரி நிற்கும். வரிசை மாறி நின்ற ஒரு கன்றை நடந்துகொண்டே எட்டி எடுத்துவிடுவாராம். படிப்பு, தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் எங்கள் அலமாரியில்தான். மத்தியானத்தில் எல்லோரும் சாப்பிடப் போனதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். தாளைப் பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார், மறுபடி தாளைப் பார்ப்பார். இலத்தீன் பெயர்களை அப்படியே எழுத்துக் கூட்டிக் கற்றார்.

நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடிகளில் அவருக்குத் தனி விருப்பம். நம்மவர்களுக்கு அப்படித் தடித்திருப்பதெல்லாம் கள்ளிதான். சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி, ரணகள்ளி என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். நானும் ஒருநாள் ஒரு பட்டியலில் மூன்றையும் ஒன்றாகத் தட்டிவைத்தேன். அதைப் பார்த்துவிட்டு மூன்றையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முதலாவதை ஒடித்தார், வெள்ளைப் பால் வடிந்தது. இரண்டாவதில் முள் முளைக்கும் இடத்திலிருந்த சின்னப் பஞ்சைக் காட்டினார். அது பாலில்லாதது, கடல் கடந்து வந்தது. மூன்றாவதன் இலை விளிம்பிலேயே குட்டிச் செடிகள் முளைத்திருந்தன.

"மூணும் மூணு குடும்பங்க. தண்ணியச் சேத்து வச்சா ஒரே குடும்பம் ஆயிருமா? லயத்து வரிசை வீடுங்கள்ல நாங்க எல்லாரும் ஒரே பைப்புலதான் தண்ணி புடிக்கிறோம். அதுக்காக ஒரே வீட்டுக்காரங்களா?"

அப்படியானால் எதை வைத்துக் குடும்பம் பிரிப்பது என்று கேட்டேன்.

"பூவ வச்சு. எலை ஏமாத்தும். வெயில்ல ஒரு மாதிரி இருக்கும், நெழல்ல வேற மாதிரி இருக்கும். பூ வர்ற வரைக்கும் பேரு வைக்கக்கூடாது."

அவருடைய தொட்டிகளில் பாதிக்கு இதனால் பெயரே இருக்காது. வெறும் இலக்கம் போட்ட பலகைத் துண்டுகள்தான் நிற்கும். கேட்பவர்களிடம், "இன்னும் பூக்கல" என்பார். அவசரப்பட்டுப் பெயர் வைப்பதை அவர் ஏன் அப்படி வெறுத்தார் என்று ஒருமுறை சொன்னார். "தோட்டத்து ஆளுங்க எங்களப் பாத்தும் அவசரமா எழுதுனாங்க தம்பி. இந்தியாக்காரன்னு எழுதுனாங்க, நாடில்லாதவன்னு எழுதுனாங்க. ஒருத்தரும் எங்களக் கேட்டு எழுதல." நான் 'கிளாக்கரய்யா'விலிருந்து 'தம்பி'யானது அன்றைக்குத்தான் என்று நினைவு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவர் பஸ் ஏறிப் பெரகலைச் சந்தியில் இறங்குவார். அங்கிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் வீதியில் நடப்பார். மலையின் ஈரம் முடிந்து வெயில் தொடங்கும் பக்கம் அது. பாறை இடுக்குகளில் அவருக்கு வேண்டியவை இருந்தன. அப்படி ஒரு நாள் கொண்டுவந்த செடிதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். பார்வைக்கு ரணகள்ளி போலவே இருந்தது. "இது அது இல்ல" என்றார். இலையைப் பறித்து ஈர மணலில் போட்டு வைத்தார். ரணகள்ளியாயிருந்தால் விளிம்பில் குட்டி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கொழும்பிலிருந்து அவ்வப்போது வரும் கலாநிதி ஒருவர் எங்கள் சேகரிப்புக்குப் பெயரிடுபவராக இருந்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். பெயர் எழுதப்படாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று இந்தக் கட்டுரையிலாவது அவர் அனுபவிக்கட்டும். செடியைக் கையில் வாங்கினார், சாதாரண ரணகள்ளி என்றார், பூவில்லாத அந்தக் கிளையை அப்படியே அழுத்திக் காயவைக்கச் சொன்னார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றச் செடிகளைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து, இரண்டு பலகைகளால் இறுக்கிக் கட்டினால் சில நாளில் காய்ந்துவிடும். இவை காயா. உள்ளே இருக்கும் நீரைக் குடித்தே உயிரோடு கிடக்கும். ஆகவே முதலில் கொதிநீரில் முக்கிக் கொல்ல வேண்டும். அக்கா சொல்லிப் பார்த்தார்: "சாகடிக்காமப் படுக்க வைக்காதீங்கய்யா. எந்திரிச்சிரும்." வெந்நீரில் நிறம் போய்விடும் என்று கலாநிதி மறுத்துவிட்டார். பலகையை இறுக்கிக் கட்டினோம்.

சில வாரம் கழித்து அவிழ்த்தோம். இலைகள் கருகி உதிர்ந்திருந்தன. தண்டிலோ, வெளிச்சமே காணாத வெளிறிய துளிர்கள் இரண்டு பத்திரிகைத் தாளைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருந்தன. கலாநிதி அதை வீசச் சொன்னார். அக்கா வீசவில்லை. ஒரு மீன் டின்னில் மணலும் செங்கல் தூளும் போட்டு ஊன்றினார்.

அடுத்த இரண்டு வருடமும் அது பூக்கவில்லை. பதுளை மழைக்கு அஞ்சி டின்னைக் கூரைக்குள்ளும் வெயிலுக்காக வெளியிலும் மாற்றி மாற்றி வைத்தார். நான் கேலி செய்வேன். "அக்கா, உங்கட பிள்ளை எப்ப வயசுக்கு வருவா?" என்பேன். "உங்களுக்கு முன்ன வருவா" என்பார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

மூன்றாம் வருடம் பூத்தது. ரணகள்ளியின் பூ ஊதிப்போய்த் தலைகீழாகத் தொங்கும். இது நான்கு இதழ் விரித்து, மஞ்சளாய், மேல்நோக்கி நின்றது. டின்னைத் தூக்கிவந்து என் தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில் வைத்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் புதிய இனத்தைக் கண்டுபிடித்தார் என்று நான் கதை விடப்போவதில்லை. அந்த இனத்துக்கு எப்போதோ யாரோ பெயர் வைத்தாயிற்று. ஆனால் எங்கள் அலமாரியில் அதற்கு ஒரு தாள் இருக்கவில்லை, பெரகலைக்குக் கீழே அது வளர்கிறதென்று எங்கள் எழுத்தில் எங்கும் இருக்கவில்லை. கலாநிதி வந்து பார்த்தார், ஒத்துக்கொண்டார், நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னார். பூத்த கிளையை அக்காவே வெந்நீரில் முக்கி, அழுத்தி, காயவைத்து, ஒட்டினார். பிறகு கலாநிதி எனக்குச் சீட்டு வாசகத்தைச் சொன்னார். சேகரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைச் சொன்னார். அதன் கீழே, 'உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் உதவியுடன்.'

நான் தட்டினேன்.

மத்தியானம் அக்கா வந்து சீட்டைப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நான் அவர் சொன்னதைத் தட்டிறவன். வேற என்ன செய்யேலும்?" என்றேன்.

"தட்டுனது உங்க வெரலுதானே தம்பி" என்றார்.

சத்தம் போடவில்லை, அழவில்லை. நான் அன்றிரவு சாப்பிடவில்லை என்று எழுதினால் அது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வது. சாப்பிட்டேன். மறுநாளும் வேலைக்குப் போனேன்.

இனி அவர் செய்ததைச் சொல்கிறேன். தாவரங்களுக்குப் பெயரிடுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னவர் எழுதியது பிழையென்று பின்னவர் கருதினால், பழைய சீட்டில் கைவைக்க மாட்டார். பக்கத்தில் தன் சீட்டை ஒட்டிக் கையெழுத்து வைப்பார். சில தாள்களில் நான்கைந்து சீட்டுகள் இருக்கும், சண்டை முழுவதும் அதிலேயே தெரியும். எங்கள் அறைச் சுவரிலும் அதை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: ஒட்டிய சீட்டைக் கிழிக்கலாகாது, மாற்றுக் கருத்திருந்தால் புதிய சீட்டு ஒட்டவும். அக்கா அதை ஆயிரம் தரம் படித்திருப்பார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தத் தாளில் இரண்டாவது சீட்டு இருந்தது. நீல மையில், குண்டு குண்டான தமிழ் எழுத்தில்:

'இந்தச் செடியைப் பெரகலைக்குக் கீழே பாறையில் எடுத்தது, வளர்த்தது, பூக்க வைத்தது நான். சேகரித்தவர்: சூ. மதலேன்.'

பெரிய கலவரம் ஆயிற்று. எங்கள் மேலதிகாரி அவரை அழைத்து, சீட்டை எடுக்கச் சொன்னார். தொழிலாளிக்குத் தாளில் எழுத உரிமையில்லை என்றார். அக்கா சுவரைக் காட்டினார்.

"அதுல யாரு ஒட்டலாம், யாரு ஒட்டக்கூடாதுன்னு எழுதலீங்களே. கிழிக்கக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கு. நான் யாரோடதையும் கிழிக்கலீங்க. அவர் சீட்டு அங்கதான் இருக்கு. அது பொய்யின்னா படிக்கிறவங்க பாத்துக்குவாங்க."

மேலதிகாரியும் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அதிகாரம் அவரிடம் இருந்தது. மறுநாளிலிருந்து அக்காவுக்கு அறைக்குள் வரத் தடை. ஓய்வு பெறும்வரை தொட்டி கழுவினார், பாதை கூட்டினார். அலமாரியைத் தொடவே விடவில்லை. கண்ணாடி யன்னலுக்கு வெளியே நின்று, "என் சீட்டு இருக்கா தம்பி?" என்று மாதம் ஒரு தடவையாவது கேட்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு, "இருக்கு அக்கா" என்பேன். நான் அவருக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

அவர் ஓய்வு பெற்று அந்த மீன் டின்னோடு அப்புத்தளைக்குப் போன பின் நானும் ஓய்வு பெற்றேன். நிலையம் கைமாறியது, கட்டடம் மாறியது. அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா கேட்பார், நானும் பார்க்காமலே 'இருக்கு' என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். தாள் இருந்தது. கலாநிதியின் சீட்டும் இருந்தது. நீல மைச் சீட்டு இருக்கவில்லை. அது இருந்த இடத்தில் பசையின் மஞ்சள் கறை நீள்சதுரமாகத் தெரிந்தது. யார் கிழித்தார்கள், எப்போது கிழித்தார்கள் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் அவருக்குச் சொன்ன 'இருக்கு'களில் எத்தனை பொய்யோ, அதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய தட்டச்சுப் பொறியைத் தூசு தட்டினேன். பழக்கம் விட்டுப்போனதால் இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது சரியாக வந்தது:

'சேகரித்தவர்: சூ. மதலேன். இடம்: பெரகலைக்குக் கீழே, பாறை. மேலே உள்ள சீட்டில் சேகரித்தவர் பெயர் பொய். அது பொய்யென்று தெரிந்தே தட்டியவன் நான்.' அதன் கீழே என் முழுப்பெயரும் கையெழுத்தும்.

வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். இப்போதைய பொறுப்பாளர் ஓர் அம்மணி, மரியாதையானவர். எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்றார். நான் சுவரைக் காட்டினேன். பழைய கட்டடத்திலிருந்து அந்த அறிவிப்பையும் மறக்காமல் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். அவர் அதைப் படித்தார், தாளிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு பசைப் போத்தலைத் தன் மேசையிலிருந்து எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

அந்தக் கறையின் மேலேயே ஒட்டினேன். காயும்வரை விரலை எடுக்கவில்லை.

இதையும் யாராவது கிழிக்கலாம். கிழித்துப் பார்க்கட்டும். டின்னிலிருந்து ரீட்டா ஒரு கிளை ஒடித்துக் கொடுத்திருக்கிறார், அது என் வீட்டு வாசலில் நிற்கிறது. இன்னொரு கிளையை அப்புத்தளையில் அக்காவின் கல்லறைத் தலைமாட்டில் ஊன்றியிருக்கிறோம். அவை பூக்கும்போது இன்னொரு தாள் செய்வேன், இன்னொரு சீட்டு தட்டுவேன். எனக்குப் பிறகு ரீட்டா தட்டுவார். அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மதலேன் அக்கா, போய்வாருங்கள். டின்னுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. உங்கள் சீட்டு இருக்கிறது. இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.