பாலத்தின் மேல் சிரித்த படம்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்ன அண்ணன் மகன் சேகர், மாதிரிக்கு மற்ற வீட்டு நினைவு மலர்கள் நாலைந்தையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் படித்தேன். செத்தவர்கள் எல்லாம் ஆலமரமாக நிழல் கொடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் குலவிளக்காக எரிந்திருக்கிறார்கள். அண்ணன் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு லாரி ஓட்டியவர். நான் அவருடைய ஒரே தங்கை, எனக்கும் அதே மூக்குதான். அதனால் இந்தக் கட்டுரை சிலருக்குக் கசக்கும்.

முதலில் இந்த மலரில் இல்லாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சயாமில் ஆற்றுப் பாலத்தின்மேல் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதை முழுப் பக்கத்தில் போட்டு, கீழே "நண்பருடன் சயாம் கண்ட இனிய நாள்" என்று எழுதி, தம் குடும்பத்தின் அஞ்சலியாக வெளியிட வேண்டும் என்று திரு. கமலநாதன் கேட்டிருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். வயதாகியும் மரியாதை தெரியாதவள் என்று அவர் வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். அண்ணனும் வயது வந்ததும் உளியை எடுத்தார். பக்கத்து வீட்டு வீராசாமிக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மர நிரை. வீராசாமி தகப்பனில்லாதவர், அவர் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. சுருட்டுப் பிடிப்பார், பாட்டுப் பாடுவார், மேஸ்திரி மாதிரி அதட்டுகிறேனாம், என்னை "குட்டி மண்டோர்" என்று கேலி செய்வார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். மறுவாரமே அவருடைய நாற்காலியில் ஆபீஸ் கிராணி உட்கார்ந்துகொண்டார். ஆள்கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதிக்கொண்டிருந்த அதே கிராணிதான். ஜப்பான்காரனுக்குக் குனிந்து கும்பிடத் தோட்டத்தில் முதலில் கற்றுக்கொண்டதும் அவர்தான். குனிவது அவருக்குப் பழக்கம். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய மகன்தான் கமலநாதன். அண்ணன் வயது, நல்ல திடகாத்திரமான ஆள்.

அரிசி அற்றுப்போன காலம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் களத்தில், கிராணி பேசினார். எனக்குப் பதினொரு வயது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"சயாமுல ரயிலு ரோடு போடறாங்க. மூணே மாசந்தான். ரயிலு ஓசி, சோறு ஓசி. தொரைமாருங்க லீவு எடுத்துக்கிட்டு சீமைக்குப் போவாங்கள்ல, அந்த மாதிரி நெனைச்சுக்குங்க. நம்ம சனம் எப்பத்தான் வெளிநாடு பாக்குறது?"

வீட்டுக்கு ஒரு ஆள், ஒரே பிள்ளை உள்ள வீட்டை விட்டுவிடுவோம் என்றார். அப்பாவுக்கு இழுப்பு நோய். "எங்க வூட்டுக்கு நான் போறேன்" என்று அண்ணன் கையைத் தூக்கினார். ஜப்பான்காரன் பக்கத்தில் நின்றதால் கிராணி தம் மகன் பேரையும் படிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் பார்த்தால் பட்டியலில் கமலநாதன் இல்லை. பெரட்டு மணி அடிக்கத் தோட்டத்தில் ஆள் வேண்டுமாம். அந்த இடத்தில் வீராசாமி என்று இருந்தது.

வீராசாமியின் அம்மா ஆபீஸ் வாசலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கிராணி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "போயிட்டு வரட்டும்மா. நாலு ஊரு பாத்தாத்தானே ஆம்பளைக்குப் புத்தி வரும்."

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மட்டும் பதினாலு பேரைச் சரக்கு ஏற்றும் தகரப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். ஈப்போவை அண்ணன் முதன்முதலில் பார்த்தது அந்தத் தகரத்தில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத்தான். கோலா கங்சார் தாண்டியதும் பார்க்கவும் தெம்பில்லையாம்.

மூன்று மாதம் என்று சொன்னது சண்டை முடியும்வரை நீண்டது. திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அண்ணனின் இடது காலில் ஆடுசதை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் முதலில் போனது எங்கள் வீட்டுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு. என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்த அம்மாள் கண் மூடும்வரை, மாதம் தவறாமல் அண்ணன் ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் அந்த வீட்டில் இறக்கினார். ஈப்போவுக்குக் குடிவந்து, லாரி ஓட்டி, பிள்ளைகளைப் படிக்க வைக்கத் திண்டாடிய நாளிலும் அது நிற்கவில்லை. அண்ணி முணுமுணுப்பார். தர்மவான் என்று ஊர் புகழ்ந்தது. புகழ்ந்தவர்களை அண்ணன் முறைத்துப் பார்ப்பார்.

பிள்ளைகள் தலையெடுத்ததும் எங்கள் குடும்பத்துக்கு வெளிநாட்டு மோகம் பிடித்தது. சிங்கப்பூர், மேடான், மெட்ராஸ் என்று பள்ளி விடுமுறைதோறும் ஒரு கூட்டம் கிளம்பும். மேடான் ஏரியில் படகு ஏறிய கதையை மூன்று தீபாவளிக்குச் சொன்னவர்கள், இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலும் உண்டு. ஓட்டல் சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உறவுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுத்தவர்களும் உண்டு. பேர் சொல்ல மாட்டேன், சோப்பு நன்றாகத்தான் இருந்தது. அண்ணனும் எல்லா ஊருக்கும் வருவார். சயாம் எல்லை ஊரான ஹாட்ஜாய்க்கு மட்டும் வர மாட்டார்.

"ஏன்ப்பா, பக்கத்துலதான லா இருக்கு" என்பான் சேகர்.

"சயாமெல்லாம் எப்பவோ பாத்தாச்சு. பாஸ்போர்ட்டுகூடக் கேக்காம கூட்டிட்டுப் போனாங்க" என்பார்.

இதற்குள் கமலநாதன் ஈப்போவில் பெரிய மனிதராகியிருந்தார். கோயில் தலைவர், மேடை, மாலை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் கோயில் சார்பில் சயாமுக்குச் சுற்றுலா என்று பஸ் பேசினார். அங்கே ரயில் போட்டுச் செத்தவர்களுக்குப் பூங்கா மாதிரி மயானம் கட்டி, ஒவ்வொருவர் பேரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சேகர் எங்கோ படம் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அண்ணன் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்: "எல்லார் பேருமா?"

"எல்லார் பேரும்தாம்ப்பா. வரிசையா இருக்கு."

மறுநாள் அவரே போய் பஸ்ஸுக்குப் பேர் கொடுத்தார். பெட்டியில் ஒரு கட்டுச் சுருட்டை வைத்ததைப் பார்த்தேன். வீராசாமி பேரைக் கண்டுபிடித்துப் படையல் போடத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் வடை சுட்டேன், சூடம் வாங்கினேன்.

மயானம் உண்மையில் அழகாகத்தான் இருந்தது. வெட்டிவிட்ட புல், பூச்செடி, வரிசை வரிசையாகப் பேர் பொறித்த கல். எங்கள் கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கியது. ஒருவராவது ஒரு கல்லையாவது குனிந்து படித்தாரா? கமலநாதன் நடுவில் ஒரு கல்லைக் காட்டி, "இங்கயே கும்பிட்டுக்கலாம்லா, பஸ்ஸுக்கு டைம் ஆவுது" என்றார். தேங்காய் உடைத்தார்கள். வடை வைத்தார்கள். சூடம் ஏற்றினார்கள். ஒரு அம்மாள் ஒப்பாரியே எடுத்துவிட்டார். சூடம் ஏற்றியது என் கைதான், அதனால் என்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் மட்டும் இடது காலை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் போனார். சேகர் பின்னாலேயே போய்ப் படித்துச் சொன்னான். எல்லாம் சண்டைக்கு வந்து பிடிபட்ட பட்டாளத்துக்காரர்கள், வெள்ளைக்காரர்கள். கடைசி வரிசையும் முடிந்தது. திரும்பி வந்து, நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த கல்லைச் சேகரிடம் படிக்கச் சொன்னார். இருபத்திரண்டு வயது வெள்ளைக்காரப் பையன்.

"இந்தப் புள்ளைக்கு வடை புடிக்குமோ என்னமோ" என்றார். காவல்காரன் ஓடி வந்து சூடத்தை அணைக்கச் சொன்னான்.

நம் ஆட்களை எங்கே புதைத்தார்கள் அண்ணே என்று கேட்டேன். பூச்செடி ஓரமாக உட்கார்ந்து, என்னிடம் மட்டும் சொன்னார்.

"பொதைச்சாங்களா? குழி வெட்டித் தள்ளுனோம். மழைக்கு அதுவும் ரொம்பிப் போச்சு. வீராசாமிக்கு வாந்திபேதி. செத்ததை நான் யார்கிட்டயும் சொல்லல தங்கச்சி. சோத்துக்கொட்டாயில மண்டோர் பேரு படிப்பான், இருக்கேன்னா ஒரு டப்பா சோறு. வீராசாமின்னு கூப்பிட்டப்ப நான் இருக்கேன்னேன். நாலு நாளு. அவன் சோத்தையும் நான்தான் தின்னேன். அந்தச் சோத்துலதான் பொழைச்சேன்."

வீராசாமி அம்மாவுக்குத் தெரியுமா என்றேன்.

"வந்தன்னிக்கே சொல்லிட்டேன். நீயாச்சும் தின்னியே அப்பான்னுச்சு."

மாதம் ஒரு மூட்டை அரிசி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அழுதேன். அண்ணன் அழவில்லை, சுருட்டுக் கட்டைப் பிரித்து அந்த வெள்ளைக்காரப் பையன் கல்லருகே ஒன்றை வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் பாலத்துக்குப் போனோம். பனியன் விற்கிறார்கள், இளநீர் விற்கிறார்கள், பாலம் படம் போட்ட சாவிக்கொத்து விற்கிறார்கள். எங்கள் கூட்டம் எல்லாவற்றையும் வாங்கியது. பிறகு கமலநாதன் பாலத்தின்மேல் ஏறி நின்று இளைஞர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இந்த எடத்துல நாங்க பட்ட பாடு இருக்கே, இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குச் சொன்னாப் புரியாது..."

நாங்களாம். தோட்டத்தில் மணி அடித்துக்கொண்டு, அப்பன் ஒளித்துவைத்த அரிசியைத் தின்றுகொண்டிருந்த வாய் அது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார். மண்டோர் பேர் கூப்பிடும் அதே ராகத்தில் கூப்பிட்டார்.

"வீராசாமி."

கமலநாதன் பேச்சை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"வீராசாமி. இருக்கியா இல்லியா?"

"என்னண்ணே இது, எல்லாரும் இருக்காங்கல்ல" என்று முனகினார் கமலநாதன்.

"உன் எடத்துல வந்தவன் பேருய்யா அது. இத்தனை வருசம் அவன் சாவை உன்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறியே, பேரு கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லத் தெரியாதா? நாலு நாளு நான் சொல்லியிருக்கேன். நீ ஒரு தடவ சொல்லேன்."

கமலநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தி, அண்ணனுக்கு முடியல" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அண்ணன் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காறித் துப்புவதற்குப் பதிலாகச் சிரித்தார் என்றுதான் சொல்வேன். விஷயம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்தார். அதுதான் இனிய நாள்.

கடைசி ஆறு மாதம் அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தார். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி வந்து தாதி பேர் கூப்பிட்டால், "ரெண்டு பேரு" என்று விரலைக் காட்டுவார். புத்தி தடுமாறுகிறது என்றார்கள். மருமகள் தினமும் இரண்டு தட்டு வைத்தாள்.

அந்த மருமகளுக்கும், அலுக்காமல் பணிவிடை செய்த தாதிகளுக்கும், கேட்காமலே வேனை அனுப்பிவைத்த பட்டறை முதலாளியான சீனத் தவ்கேக்கும், மயானம்வரை வந்து நின்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கமலநாதன் அவர்களும் வந்திருந்தார், மாலையும் போட்டார். அதையும் எழுதிவிட்டேன், குறை வேண்டாம்.

அவர் கேட்ட பக்கத்தை நான் வீணாக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஒரே ஒரு பேர் இருக்கும். படம் கிடையாது, எடுத்ததே இல்லை. எந்தக் கல்லிலும் இல்லாத பேர் என்பதால் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். மலரை மூடி வைப்பதற்குமுன் வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் போய்விட்டார்.