சூசை அண்ணையின் வால்நட் வேரும் என் முன்பல்லும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சூசை அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பாரிசில் ரூ பஜோல் தெருக் கடையொன்றில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் கை முதலில் போனது நெஞ்சுக்கு அல்ல, வாய்க்கு. முன்பல் இருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. கடைக்காரர் பல்வலி என்று நினைத்துக் கராம்பை நீட்டினார்.

பட்டறையில் கோடரியை ஓங்கிய கையோடு விழுந்தாராம். வேறு எப்படியும் அவர் விழுந்திருக்க மாட்டார். லா சப்பல் தமிழரில் அவரிடம் அடி வாங்கியவர்கள், ஓடித் தப்பியவர்கள் என்று இரண்டு வகையினர்தான் உண்டு. இதை வாசிக்கும் நீங்கள் எந்த வகை என்பது உங்களுக்கே தெரியும்.

பாரிசுக்கு வந்த புதிதில் நாங்கள் நாலைந்து பேர் ஒரே அறையில் முடங்கிக் கிடந்த காலம். அண்ணை மரத்தகடு சீவும் பட்டறை ஒன்றில் பதிவில்லாமல் வேலை செய்தார். ஒருநாள் சிறு பலகைத் துண்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் கொதிக்கும் சோற்றுப் பானையை அதன்மேல் இறக்கினேன். அடுத்த கணம் பானை சுவரில், சோறு என் தலையில்.

“மடையா! வால்நட் வேரடா இது!”

“வேரெண்டால் விறகுதானே அண்ணை?”

கேட்டிருக்கக் கூடாது. அகப்பையும் பறந்தது. பிறகு அவரே என் தலையிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டபடி விளக்கினார். அடிமரம் வேராகப் பிரிகிற இடத்தில் இழைகள் முறுகி, புகையும் நெருப்பும் போலச் சுருண்டு கிடக்குமாம். அதை அப்பளம் போலச் சீவிப் பெரிய கார்களுக்கும் அலுமாரிகளுக்கும் ஒட்டுவார்கள். வேட்டைத் துவக்குக்குப் பிடியும் செய்வார்கள். “மேலை நிக்கிறது சும்மா மரம். மண்ணுக்குள்ளை கிடக்கிறதுதான் சாமான்.”

அண்ணையின் இடது காது ஊரில் துவக்குப் பிடியால் கிழிபட்டது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “எனக்கு விழுந்தது மலிவு மரம். வேர்க்கட்டையெண்டால் தலையே போயிருக்கும்.”

முதலாளி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். அறுப்பு வாள் படாத முழு வேர் ஒன்றைக் கொண்டுவந்தால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அது இருந்தால்தான் விசா அட்டை. அட்டை இருந்தால்தான் மன்னாரில் காத்திருந்த மனைவி மேரியக்காவை அழைக்கலாம்.

பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற ஊரில், முசே லூர்து என்ற புதுச்சேரிக்காரரின் தோட்டத்தில் ஒரு வால்நட் மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. அப்புறப்படுத்தினால் சும்மாவே கொண்டுபோகலாம் என்றார். காலையிலிருந்து தோண்டினோம். அண்ணை பக்க வேர்களைக் கோடரியால் பிளந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லித் திட்டினார். என் பெயரும் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முசே லூர்து வெளியே வந்தார்.

“என்னய்யா இது! மரத்த எடுக்கச் சொன்னா கல்லறை தோண்டி வெச்சிருக்கீங்க! என் ரோஜாச் செடியெல்லாம் எங்க?”

“பொறுங்கோ முசே, இன்னும் கொஞ்சம்தான்.”

“போதும்! தரையோட அறுத்துடறேன், எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!”

உள்ளே போய் மெசின் வாளோடு வந்தார். அது உறுமியதும் அண்ணை குழிக்குள் பாய்ந்து வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“அறும்! முதல் என்னை அறும்! என்ரை மனுசி அங்கை கிடந்து சாகிறா, நீர் ரோசாப்பூவுக்கு அழுறீர்!”

வாள் பட்டையைத் தொட்டது. தூள் பறந்தது. அண்ணை மண் அள்ளும் சவளைத் தூக்கி வீசினார். முசே லூர்து குனிந்தார். சமாதானம் பேச அவருக்குப் பின்னால் ஓடிவந்த நான் குனியவில்லை.

இரத்தம் தாடை வழியே சட்டைக்குள் இறங்கியது. அதைப் பார்த்த முசே லூர்து வாளை அணைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். “மோன் தியே! வேரை எடுத்துக்கிட்டுப் போயிடுங்கப்பா, போலீசு வந்துடப் போவுது!” ஆக, அந்த வேரை மீட்டது அண்ணையின் வீரமல்ல, என் வாய். என் வாயால் யாருக்காவது நன்மை விளைந்தது அந்த ஒரு தடவைதான்.

பட்டறையில் வேரை இயந்திரத்தில் ஏற்றினார்கள். எந்தக் காலத்திலோ அது ஒரு கல்லை விழுங்கி வைத்திருந்தது. வாள் அதில் மோதிச் சிதறி, ஒரு துண்டு முதலாளியின் தலைக்கு மேல் சுவரில் குத்தி நின்றது. அவன் பிரெஞ்சில் கத்தினான், அண்ணை தமிழில் கத்தினார். கல்லைச் சுத்தியலால் அடித்தே தூளாக்கினார். பிறகு வெட்டுமுகத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். கறுப்பும் பொன்னுமாகச் சுருள்கள் எழும்பி வந்தன. இருவரும் வாயை மூடினார்கள். முதலாளி அங்கேயே கையெழுத்து வைத்தான். மேரியக்கா வந்து சேர்ந்தார்.

அண்ணை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பளபளவென்று தேய்த்த, கபில நிறப் பல்லொன்றை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். “இந்தா, அந்த வேரிலை செதுக்கினது. உன்ரை மிச்சப் பல்லெல்லாத்தையும் வித்தாலும் இதின்ரை பெறுமதி வராது.” அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். கலியாண வீடுகளில் எடுத்துக் காட்டி வால்நட் வேரின் அருமை பெருமை பேசியிருக்கிறேன்.

லெ பிளாங்-மெனிலில் அண்ணையின் செத்தவீட்டன்று மேரியக்காவிடமும் அதைக் காட்டி அழுதேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“உனக்கு விசரே தம்பி? அந்த வேரிலை ஒரு சீவலைக்கூட இந்த மனுசன் எனக்கே தரேல்லை. இது தேங்காய்ச் சிரட்டை.”