எனக்காகப் பதினைந்து பேர் பட்டினி கிடந்த நாள்

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை.
2. போன ஆடியில் மெட்ராஸ் போனோம். பல நாள் ஊசி. பிறகு மயக்கம் கொடுத்து, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கருமுட்டைகளை எடுத்தார்கள்.
3. இரண்டு நாள் கழித்துக் கருவை உள்ளே வைத்தார்கள்.
4. மறுநாள் ரயிலேறி, காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.
5. வலியும் கூடவே வந்தது.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். அப்படியும் என் உடம்பை நான் கவனிக்கவில்லை. அடிவயிறு கல்லாகக் கனத்தது. வயிற்றுக்குள் செலுத்தியிருந்த வாயு தோள்பட்டையில் ஏறிக் குத்தியது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும்.

வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. சபைப் பெண்கள் எனக்காக உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள். எனக்காகப் பதினைந்து பேர் பட்டினி கிடக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவது? தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாத்திரையும் போடவில்லை. கணவரிடம் சாப்பிட்டதாகப் பொய் சொல்லி வேலைக்கு அனுப்பினேன்.

மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளை வேண்டும் என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. "ஆண்டவரே, தாங்க முடியவில்லை. யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

ஜெபக்கூட்டம் முடிந்து எஸ்தர் அக்கா வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் காய்ந்த உதட்டைப் பார்த்ததுமே கேட்டார்.

"சாப்பிட்டியா?"

"உபவாசம்க்கா."

"அடி கூறுகெட்டவளே! நீ தெம்பா இருக்கணும்னுதான் நாங்க அம்புட்டுப் பேரும் பட்டினி கெடக்கோம். நீயும் கெடந்தா எப்படிடி?"

"சாப்பிட்டா பாவம்னு நெனச்சேன்."

"நாங்கதாண்டி பாவம். காலையிலேருந்து காபிகூட இல்ல."

சிரித்துவிட்டேன். வயிறு சுண்டி இழுத்தது.

அக்கா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மாத்திரை போட வைத்தார். காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. உடனே ஆட்டோ பிடித்தார். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வலியில்லாமல் தூங்கினேன்.

நான் கேட்டது ஒரு ஆள். அன்றைக்கே ஆண்டவர் அனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம். வலியை மறைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, அவரிடம் சொல்லுங்கள். அவர் அனுப்புகிறவரிடமும் சொல்லுங்கள். இப்போதெல்லாம் நான் வலித்தால் வலிக்கிறது என்கிறேன்.

கரு தங்கவில்லை. காயம் ஆறிவிட்டது. வேலைக்குப் போகிறேன். மறுபடி மெட்ராஸ் போவதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.