கோர்ட்டில் தறி ஓட்டினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம், பகல் பதினொரு மணி. ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் காஞ்சிபுரம் போகிற ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். சாலையை விட்டு நன்றாகத் தள்ளித்தான் நின்றேன். அப்படியும் ஒரு கார் என்னைத் தேடி வந்து இடித்துத் தள்ளியது. ஓட்டியவரால் கீழே இறங்கி நிற்கக்கூட முடியவில்லை, அவ்வளவு போதை. ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, போலீஸ் வரும்வரை அந்த ஆளை நகரவிடவில்லை. அவர் மட்டும் இல்லையென்றால் வழக்கே நின்றிருக்காது.

நான் பட்டுப்புடவை நெய்கிறவள். வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்குப் போகிறார்; தறி என்னுடையது. எங்கள் தொழிலில் கையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வோம். விரலில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் பட்டு இழை அதில் மாட்டிப் பிசிறடித்துவிடும். அதனால் ரோட்டில் விழுந்து கிடந்தவள் முதலில் செய்த காரியம், பத்து விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்ததுதான். வலது முழங்கால் நொறுங்கியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்.

"நெசவு சார். கை தப்பிச்சிடுச்சு, அது போதும். தொழிலுக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து, ஏழு மாதம் கழித்துத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தபோதுதான் என் லட்சணம் எனக்கே உறைத்தது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. குழிக்குள் இருக்கும் மிதிகட்டையை அழுத்தினால் உயிர் போகிற வலி. ஒரு சாண்கூட நெய்ய முடியாமல் தறியைத் துணி போட்டு மூடினேன். அன்றைக்கு நான் அழுத அழுகை வேறு.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் தருகிறோம், வேலை போனதற்கெல்லாம் தர முடியாது என்றது அந்தக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி. எங்கள் வக்கீலம்மா ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எதிராளிக்கு வேண்டியத நீங்களே சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!"

வீட்டுக்காரர், "வுடும்மா, குடுக்கறத வாங்கிக்கினு போவலாம். உன் வாயாலதான் கெட்டுது" என்றார். எனக்கு வந்ததே கோபம். எவனோ குடித்துவிட்டு வந்து இடிப்பான், என் தறி நிற்கும், கொடுப்பதை வாங்கிக்கொண்டு நான் போக வேண்டுமா?

விசாரணை நாள் வந்தது. கூண்டில் ஊன்றுகோலோடு நின்றேன். இன்சூரன்ஸ் வக்கீல் அந்தக் காகிதத்தை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"தொழிலுக்குக் குறையில்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. நெசவு உட்கார்ந்து செய்யற வேலை. காலுக்கு அங்க என்னம்மா வேலை?"

சுர்ரென்று ஏறியது எனக்கு. நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஐயா, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கய்யா. தறி எப்படி ஓடுதுன்னு காட்டறேன்."

எங்கள் வக்கீலம்மா 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினார். நீதிபதி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். உட்கார்ந்தேன். தறியும் இல்லை, நூலும் இல்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டேன்.

"கை சும்மா இருக்குது, பாருங்கய்யா. இந்தக் கால அழுத்தினாத்தான் பாவு நூல் மேல பாதி, கீழ பாதின்னு பிரியும். பிரிஞ்சாத்தான் நடுவுல நாடாக்கட்ட பூந்து ஊடை நூலக் குறுக்கால இழுத்துக்கினு போவும். ஒவ்வொரு இழைக்கும் மிதிக்கணும். கால் மிதிக்கலன்னா, இந்தக் கை எங்க போயி நூலப் போடும்?"

இடது கால் இறங்கியது. வலது காலை அழுத்திப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. வலியில் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. நான் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால், இன்சூரன்ஸ் வக்கீலின் பூட்ஸ் கால்களும் மேசைக்கடியில் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மனிதர் சரிபார்க்கிறார்! அவ்வளவு வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"போதும்மா, எழுந்திருங்க" என்றார் நீதிபதி. பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, நான் செய்து காட்டியதை ஒன்றுவிடாமல் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். இன்சூரன்ஸ் வக்கீல் அதற்குமேல் என் காலைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம்! வேலை இழப்புக்கும் சேர்த்து நஷ்டஈடு. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எனக்குக் கொடுத்துவிட்டு, குடித்துவிட்டு ஓட்டியவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் டீ வாங்கிக் கையில் கொடுத்து, "கெடுத்ததும் அந்த வாய்தான், ஜெயிச்சதும் அந்த வாய்தான்" என்றார். அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததில்லை.

இப்போது என் தறியில் மிதிக்கிற வேலையை ஒரு சின்ன மோட்டார் பார்த்துக்கொள்கிறது. மறுபடியும் புடவை நெய்து இறக்குகிறேன்.

இருபது வருடம் கால்தான் பாதி வேலை செய்தது. நான் கையை மட்டுமே கொண்டாடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் என் உழைப்பை நானே பாதியாகத்தான் சொன்னேன். மீதிப் பாதியைக் கோர்ட்டில் நாலு பேர் முன்னால் உரக்கச் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால், இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.