கூரையை அளக்க வந்தவர்

மலேசியாவின் குளுவாங்கில் என் வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போடலாமா என்று பார்க்க அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெயிலில் கறுத்த கழுத்து, சட்டைப்பையில் அளவுநாடா. ஏணியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினார்.

"சுடுமே" என்றேன்.

"வீடாச்சே ஐயா."

இறங்கியதும் மின்சார பில்களைக் கேட்டார். ஏழு வருடத்து பில்களைத் தேதிவாரியாக அடுக்கிய கோப்பைப் பெருமையுடன் நீட்டினேன். யூனிட் எண்கள்மேல் விரலை ஓட்டிக்கொண்டே புரட்டியவர், ஓரிடத்தில் நின்றார்.

"இங்க பாதியா இறங்கிடுச்சே. யாருங்கய்யா போயிட்டாங்க?"

"என் வீட்டுக்காரம்மா."

அந்தப் பில்லைக் கோப்பில் நேராக்கி வைத்தார்.

"இப்பப் பகல்ல என்னென்ன ஓடுது?"

"ஒரு காத்தாடி, ஐஸ்பெட்டி. பிள்ளைங்க சிங்கப்பூர்ல. வந்து தங்குவாங்கன்னுதான் பேனல் போடப் பாக்குறேன்."

"அவங்க வந்தப்புறம் கூப்பிடுங்க லா. அதுவரைக்கும் வேணாங்கய்யா."

பில்களை வரிசை கலையாமல் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். விற்க வந்தவர் ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போதெல்லாம் பகலில், ஆளில்லாத அறையிலும் காத்தாடியைப் போட்டு வைக்கிறேன். மறுபடி அவர் வந்து பார்த்தால், பில்லில் யூனிட் எண் கொஞ்சம் ஏறியிருக்கும்.