ஒற்றைக் கோடு விழுந்த சோளம்

நீலகிரியில் தேவர்சோலைக்குப் பக்கத்தில் சத்துமாவு அரைக்கும் ஒரு சின்ன மில்லில் வாசுகி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் மகள். மில் முதலாளி பரமசிவன் கொடுத்த ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. கணவன் விஜயன் தேயிலைச் சரிவில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறான்.

போன ஜூலை மழையில் மலைப்பாதை சரிந்து லாரிகள் வரவில்லை. மில்லில் கிடந்த மக்காச்சோள மூட்டைகளில் பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. பரமசிவன் ஒரு டப்பாவோடு வந்தார்.

"நொதித்தூள், வாசுகி. கெமிக்கல் கிடையாது, இயற்கையானது. பூஞ்சை வெசத்த அறுத்துடும்."

தூளை வெந்நீரில் கரைத்துச் சோளத்தில் பிசறி, ஒரு நாள் முழுக்கச் சூடு குறையாமல் வைக்க வேண்டும். பிறகு டப்பாவோடு வந்த காகிதப் பட்டையை நனைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தால் சரி. ஒற்றைக் கோடு என்றால் நஞ்சு மிச்சமிருக்கிறது. வாசுகி சொன்னபடியே செய்தாள். மறுநாள் எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு. மழைக்குளிரில் பிசறின சோளம் சில்லென்று கிடந்தது.

எட்டு மூட்டையை மட்டும் அடுப்பறைக்கு இழுத்துப்போய், சுற்றிலும் வெந்நீர் டிரம்களை வைத்துக் காத்தாள். அதில் ஐந்து மூட்டைக்கு இரண்டு கோடு விழுந்தது.

"சூடு இருந்தா தூள் வேல செய்யுதுங்க. மிச்சத்துக்கு ஒரு வாரம் வேணுங்க."

"நாளைக்கு எஸ்டேட் பிள்ளைக் காம்பராவுக்கு மாவு போகணும். எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து வறுத்து அரை."

பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்.

"வறுத்தாலும் அந்த வெசம் போகாதுங்க. சின்னப் புள்ளைங்க திங்கிறதுங்க."

"அப்ப ஊட்டக் காலி பண்ணு. இந்த மழையில விஜயன எங்க தூக்கிட்டுப் போவே?"

அவள் அரைத்தாள். பைகளைத் தைக்கும்போது ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. பிறகு மில்லுக்குப் பின்னால் போய், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்துவுக்குப் போன் செய்தாள்.

"இந்து, நாளைக்கு வர்ற மாவக் கரைக்காத. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிடாத."

"ஏன்க்கா, என்னாச்சு?"

"சோளம் கெட்டது. வேற ஒண்ணும் கேக்காத."

மாவு நாறுகிறது என்று சொல்லி இந்து பைகளைப் பிரிக்காமலே எஸ்டேட் ஆபீசுக்குத் திருப்பி அனுப்பினாள். ஆபீசில் ஒரு பையைக் கோயம்புத்தூரில் சோதிக்கக் கொடுத்தார்கள். நஞ்சு இருப்பதாக முடிவு வந்தது. மில் பத்து நாள் மூடிக் கிடந்தது. பரமசிவன் வேலையாட்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, எஸ்டேட்டுக்குச் சொன்னது யார் என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றாள் வாசுகி. அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இப்போது மில்லில் ஹீட்டர் வைத்த ஓர் அறை இருக்கிறது. நொதித்தூள் கலந்த சோளம் அங்கேதான் கிடக்கிறது. சோதனை வாசுகியின் பொறுப்பு. அவள் பட்டையை நனைக்கும்போதெல்லாம் முதலாளி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

"ரெண்டு கோடுதானே?"

பல நாள் இரண்டுதான். ஒன்று விழும் நாளில் அவள் ஒன்று என்றே சொல்கிறாள். அவர் ஜன்னல் வழியே அவள் வீட்டுக் கதவைப் பார்க்கிறார்.